பிரான்சில் மேயர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்: அங்கே எல்லா ஊரிலும் இப்படித்தானா?

மெஸ் அக்கா, புதுச்சேரி

எல்லோருக்கும் வணக்கம். பாண்டியில் 22 வருடமாக மெஸ் நடத்துகிறேன், மதியச் சாப்பாடு மட்டும். 2025 ஜூன் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை பிரான்சில் மகள் வீட்டில் இருந்தேன். டூர் நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஊர். மொத்தமே எண்ணூறு பேர். மகளும் மருமகனும் வேலைக்காகப் போனவர்கள், இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். நான் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, ஆனால் அங்கே பார்த்த ஒரு விஷயம் மனதிலேயே நிற்கிறது. அந்தப் பக்கம் பல வருடம் இருந்தவர்களிடமும், 2006இல் இங்கே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களிடமும் கேட்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

விசாவில் ஆரம்பிக்கிறேன். சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போகிறோம் என்றால், அந்த வீட்டுக்காரர் தன் ஊர் மேரிக்கு, அதாவது மேயர் அலுவலகத்துக்குப் போய், இன்னார் என் வீட்டில் இத்தனை நாள் தங்குவார் என்று ஒரு சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அப்போது அதற்கு 30 யூரோ கட்டணம். வீட்டில் படுக்க இடம் இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள். கடைசியில் மேயர் கையெழுத்துப் போடுவார். நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த மேயர் அம்மாவின் கையெழுத்து என் ஃபைலில் இருந்தது. நீல மை, கொஞ்சம் சாய்வான எழுத்து.

அவரை நேரில் பார்த்தது ஜூலை 14 அன்று. நம்ம ஊருக்கு அந்த நாள் புதிதில்லை. முந்தின ராத்திரி விளக்கு ஏந்திப் போவார்கள், மறுநாள் கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த நம்ம ஊர்க்காரர்கள், மெடல் குத்திக்கொண்டு நிற்பார்கள். அங்கேயும் ஊர் நடுவில் அதே மாதிரி ஒரு கல். முதல் உலகப் போரில் இறந்த அந்த ஊர்ப் பையன்களின் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். இருபத்தேழு பெயர், எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணூறு பேர் ஊரிலிருந்து இருபத்தேழு. மேயர் மூவர்ணப் பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு நாலு நிமிடம் பேசினார். அறுபத்தைந்து வயது இருக்கும். ஆடு வளர்த்துச் சீஸ் செய்து விற்ற குடும்பமாம். பேசி முடித்ததும் பட்டையைக் கழற்றி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் மைதானத்தில் நீளமாக மேசை போட்டு ஊரே சேர்ந்து சாப்பாடு. தட்டும் கத்தியும் அவரவர் வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டும். சமையல் என் தொழில், அதனால் ஒவ்வொன்றையும் கவனித்துப் பார்த்தேன். நம்ம இலையில் எல்லாம் ஒன்றாக வந்து விழும். அங்கே ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. முதலில் முலாம்பழம், அப்புறம் சுட்ட கோழியும் உருளைக்கிழங்கும், அது முடிந்ததும் சீஸ் தனியாக, அதற்கும் அப்புறம்தான் இனிப்பு. ரொட்டியைத் தட்டில் வைப்பதில்லை, மேசைமேலேயே வைத்துப் பிய்த்துக்கொள்கிறார்கள். என் மெஸ்ஸில் ஒரு இலைக்குக் கால் மணி நேரம்தான் கணக்கு. அங்கே உட்கார்ந்து எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆனது, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. நான் நூற்றிருபது பருப்பு வடை சுட்டு எடுத்துப்போயிருந்தேன். பாரிஸ் லா ஷப்பேலில் மகள் வாங்கிவைத்திருந்த கடலைப் பருப்பு. மேயர் இரண்டாவது வடையை எடுக்கும்போது, இதில் சோம்பு இருக்கிறது என்று சரியாகச் சொன்னார்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தன் வீட்டு முனையில் வாய்க்கால் மூடி உடைந்திருக்கிறது, சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்குகிறது என்றார். மகள் எனக்கு மெதுவாகத் தமிழில் சொன்னாள். மேயர் காரணம் எதுவும் சொல்லவில்லை, நாளைக்கு மேரிக்கு வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மேசையில் விரித்திருந்த காகிதத்தின் ஓரத்தில் தெருப் பெயரை எழுதினார். அந்தத் துண்டை மட்டும் கிழித்தார். பட்டை வைத்திருந்த அதே பையில் போட்டார். பிறகு எழுந்து பக்கத்தில் இருந்த எச்சில் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். ஜூலை 14 திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது பார்த்தேன், புது மூடி போட்டிருந்தது.

என் மெஸ் வாசலில் போன வருடம் ஐப்பசி மழையில் வாய்க்கால் ஸ்லாப் உடைந்தது. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இது எங்களிடம் வராது என்று இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ரசீது கொடுத்தார்கள். தினமும் சாப்பிட வரும் பெரியவர் ஒருவர் கால் உள்ளே போய்க் கணுக்கால் வீங்கி மூன்று வாரம் வரவில்லை. இன்றைக்கும் நான் போட்ட பலகைதான் கிடக்கிறது. அந்த அலுவலகங்களில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அவர்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் இந்தத் தெருவுக்கு என்று நான் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஆள் யாரும் இல்லையே.

பாண்டியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 வருடம் கழித்து, 2006இல். அதில் ஜெயித்தவர்கள் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தைக்கூடப் பழைய சாயலிலேயே அழகாகக் கட்டி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பக்கத்து வீடு சொல்தா குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். 2022 ஏப்ரல் 10, 24 இரண்டு ஞாயிறும் அந்த வீட்டுப் பாட்டி ஆட்டோ பிடித்துப் போய் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட்டு வந்தார். எங்கள் தெருவிலிருந்து பாரிஸ் வரைக்கும் ஓட்டு போகிறது, ஆனால் என் வாசல் வாய்க்காலுக்கு ஓட்டு இல்லை. 2006 தேர்தல் சமயத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் விழுப்புரத்தில் இருந்தேன். அந்த ஓட்டைப் போடாமல் விட்டது இன்றும் எனக்கு வருத்தம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அங்கே எல்லா ஊரிலும் மேயர் இப்படித்தானா, சின்ன ஊர் என்பதால் அப்படியா? 2006க்குப் பிறகு வார்டு உறுப்பினர் இருந்த ஐந்து வருடம் நம்ம தெருக்களில் ஏதாவது மாறியதா? பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்.


சார்செல் 31, குருசுக்குப்பம்

வணக்கம் அக்கா. நான் பாரிசுக்கு வடக்கே சார்செலில் 31 வருடம் இருந்தேன். தபால் பிரிக்கும் வேலை. இப்போது ஓய்வு பெற்றுக் குருசுக்குப்பத்தில் இருக்கிறேன்.

நீங்கள் பார்த்தது உண்மைதான், ஆனால் அது சின்ன ஊரின் பழக்கம். பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன், அதாவது தனி மேயர் உள்ள ஊராட்சி, இருக்கிறது. பெரும்பாலானவை உங்கள் மகள் ஊர் மாதிரிக் குட்டி ஊர்கள். எண்ணூறு பேர் ஊருக்கு 15 உறுப்பினர்கள். மக்கள் அவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்கள் தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த 15 பேரில் ஒருவராவது நம் சொந்தமாகவோ பக்கத்து வீடாகவோ இருப்பார். சார்செலில் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர். 31 வருடத்தில் நான் மேயரிடம் கைகொடுத்துப் பேசியது இரண்டே முறை. அதில் ஒன்று மகள் கல்யாணத்தில். அங்கே கோயில் கல்யாணமோ சர்ச் கல்யாணமோ பிறகுதான், முதலில் மேரியில் பதிவு. பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் மார்பளவுச் சிலைக்குக் கீழே நின்று சட்டப் பிரிவுகளைப் படித்துக் காட்டுவார்கள். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் மரியாதையும் விசுவாசமும் உதவியும் கடன்பட்டவர்கள் என்ற வரி வரும். என் வீட்டுக்காரி பட்டுப் புடவையில் நின்று அழுதுவிட்டாள்.

நீங்கள் மெஸ்காரர் என்பதால் இன்னொன்று சொல்ல வேண்டும். மேயருக்கு எவ்வளவு அதிகாரம் என்று எனக்குப் புரிந்தது என் பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டில்தான். ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தை நடத்துவது அங்கே மேரி. வாரத்தின் பட்டியலைப் பள்ளி வாசலில் ஒட்டிவிடுவார்கள். முதலில் காய்கறி, அப்புறம் கறி அல்லது மீன், சீஸ், பழம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதே வரிசைதான். வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம், எங்களைப் போன்றவர்களுக்குக் குறைவு. 2019 நவம்பரிலிருந்து வாரத்தில் ஒரு நாள் கறியில்லாத சாப்பாடு கட்டாயம் என்று சட்டமே வந்தது. அதற்குப் பல வருடம் முன்பு, கறி சாப்பிடாத பிள்ளைக்கு வேறு என்ன தருவீர்கள் என்று கேட்க நாங்கள் ஒன்பது பெற்றோர் மேரிக்குப் போனோம். பள்ளிகளைக் கவனிக்கும் துணை மேயர் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. முட்டை வந்தது, பருப்பு வரவில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று கடிதம் போட்டார்கள், சமையல்காரர் கணக்கோடு.

குறையும் இருக்கிறது. மேயருக்கு மேலே பிரேஃபே என்று ஒருவர், பாரிஸ் அனுப்பும் அதிகாரி. 1800இல் நெப்போலியன் உண்டாக்கிய பதவி. ஓட்டில் வராதவர், போலீஸ் அவர் கையில். நமக்கு இங்கே துணைநிலை ஆளுநர் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறையப் புரியும். மக்களும் சோர்ந்துபோயிருக்கிறார்கள். 2020 மார்ச் 15 தேர்தலில், கொரோனா பயமும் சேர்ந்து, பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை. 2023 ஜூலை 2 அன்று பாரிசுக்குத் தெற்கே ஒரு மேயர் வீட்டு வாசலில் கலவரக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மோதி நெருப்பு வைத்தார்கள், உள்ளே மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். இந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கும் சின்ன ஊர் மேயர்கள் நிறைய.

2020க்கு அடுத்த தேர்தல் 2026 மார்ச் 15, 22. இந்த முறை உங்கள் மகள் ஊர் மாதிரிச் சின்ன ஊர்களிலும் பட்டியலில் ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றித்தான் நிறுத்த வேண்டும் என்று 2025 மே மாதம் சட்டம் வந்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.


ஓ.டி. நர்ஸ், லிமெரிக்

அக்கா, நான் கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். ஆறு வருடமாக அயர்லாந்தில் லிமெரிக்கில் நர்ஸ். நைட் ட்யூட்டி முடித்து வந்து இதைப் படித்தேன், தூக்கம் போய்விட்டது.

உங்கள் மகளுக்கு அந்த ஊரில் ஓட்டு கிடையாது. பிரான்சில் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட பிரெஞ்சுக்காரராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏதாவது ஒரு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். அயர்லாந்து அப்படி இல்லை. இங்கே குடியிருந்தால் போதும், எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் உள்ளாட்சிக்கு ஓட்டு உண்டு. நெதர்லாந்து, ஸ்வீடன், பெல்ஜியம் எல்லாவற்றிலும் சில வருடம் தங்கியிருந்தால் கொடுக்கிறார்கள்.

நான் 2024 ஜூன் 7 அன்று போட்டேன். என் கையில் இந்தியப் பாஸ்போர்ட். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆரம்பப் பள்ளி, குழந்தைகள் வரைந்த படங்கள் ஒட்டிய வகுப்பறை. ஓட்டுச் சீட்டு முழ நீளம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் போட்டோ உண்டு. முத்திரை குத்துவதில்லை, பென்சிலால் 1, 2, 3 என்று நமக்குப் பிடித்த வரிசையில் எண் போட வேண்டும். லிமெரிக்கில் அன்றைக்கு இன்னொரு சீட்டும் கொடுத்தார்கள், மேயருக்கு. இந்த நாட்டிலேயே மக்கள் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் இந்த ஊர் மேயர்தான். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் அன்றே தேர்தல், அந்தச் சீட்டு மட்டும் எனக்கில்லை. பென்சில் பிடித்த கை நடுங்கியது அக்கா. சொந்த ஊரில் ஓட்டுப் போடும்போதுகூட அப்படி இருந்ததில்லை.

தேர்தலுக்கு முன் ஒருவர் கதவைத் தட்டினார். மழை, கையில் குடையில்லை. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் எங்களுக்குக் காலை ஏழரைக்குப் பஸ் இல்லை, நாற்பது நிமிடம் நடக்கிறோம் என்றேன். குறித்துக்கொண்டார். அவர் ஜெயித்தார். பஸ் இன்னும் வரவில்லை. ஆனால் பிப்ரவரியில் மறுபடி வந்து, பஸ் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் காட்டிவிட்டுப் போனார்.

நம்ம பக்கம் சொல்ல வேண்டும் என்றால், பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம் நாங்களும் காத்திருந்தோம். 2011க்குப் பிறகு தமிழ்நாட்டு நகரங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனது, 45 வார்டு. இப்போது தண்ணீர் வராவிட்டால் என் அம்மா வார்டு மெம்பருக்கு நேராகப் போன் போடுகிறார். உடனே வருகிறதா என்றால், சில நாள் வருகிறது. ஆனால் போனை எடுக்கிறார்கள். உங்களுக்கும் அது வர வேண்டும்.


வில்லியனூர் ஓய்வு ஆசிரியர்

அம்மா, எனக்கு எழுபத்தைந்து வயது. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. இந்த மண்ணில் நகரசபை, கொம்யூன் என்பது சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டார்களே, அந்த 178 பேர் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. இந்த ஊரின் தலையெழுத்தையே வார்டு உறுப்பினர்கள்தான் கை வைத்து எழுதினார்கள். என் அப்பா அன்றைக்குச் சைக்கிளில் கீழூர் வரை போய், உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும், தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் சாயங்காலம் வரை நின்றுவிட்டு வந்தார். இன்றும் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் எல்லாம் பெயரளவில் கொம்யூன் பஞ்சாயத்துகள். அந்தப் பிரெஞ்சுச் சொல் நம்மிடம் தங்கிவிட்டது.

2006ஐப் பற்றி. எங்கள் வார்டு உறுப்பினர் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார், காலை ஆறு மணிக்கு டீக்கடையில் இருப்பார். தெருவிளக்கு எரியாவிட்டால் ராத்திரியே கதவைத் தட்டுவோம், லுங்கியோடு வந்து பார்ப்பார். என் கையில் பணமும் குறைவு, அதிகாரமும் குறைவு என்று அவரே வெளிப்படையாகச் சொல்வார். அந்த ஐந்து வருடத்தில் எங்கள் தெரு கொடுத்த மனுக்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. மொத்தம் 31 மனு. 19 வேலை முடிந்தது. மீதி பன்னிரண்டில் ஏழுக்கு அவர் கைப்பட, ஏன் முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2011க்குப் பிறகும் எழுதினேன். அந்தப் பக்கங்களில் பதில் எழுத ஆள் இல்லாததால் 2013இல் நிறுத்திவிட்டேன்.


மெஸ் அக்கா, புதுச்சேரி

மூன்று பேருக்கும் நன்றி. மதியம் கூட்டம் குறைந்ததும் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன், பரிமாறும் பெண்ணுக்கும் படித்துக் காட்டினேன்.

குருசுக்குப்பம் அண்ணா, நீங்கள் சொன்ன கடிதமும் லிமெரிக் தங்கச்சி சொன்ன கடிதமும் ஒரே மாதிரி இருக்கிறது. முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று ஒருவர் கையெழுத்தோடு வருகிறது. என்னிடம் இருக்கும் ரசீதில் ஒரு எண் மட்டும்தான். வாடிக்கையாளர் ஒருவர் என் சாம்பாரில் உப்பு இல்லை என்றால் நான்தானே போய் நின்று பதில் சொல்கிறேன்.

மகளிடம் நேற்று பேசினேன். அந்த மேயர் அம்மா மார்ச் தேர்தலில் நிற்கப்போவதில்லையாம், முழங்கால் வலி. வடை செய்முறையைக் கேட்டு அனுப்பியிருக்கிறார். பருப்பை எவ்வளவு கொரகொரப்பாக அரைக்க வேண்டும் என்பதை எழுத்தில் சொல்வது கஷ்டம், அதனால் அரைத்து வைத்த மாவைப் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ஆசிரியர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது. காலை பதினோரு மணிக்கு வில்லியனூர் வருகிறேன், எங்கள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். அந்த நோட்டை எடுத்து வையுங்கள். தேதி, மனு, பதில் என்று எப்படிக் கோடு போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்து நாங்களும் ஒன்று ஆரம்பிக்க வேண்டும். முதல் வரி ஸ்லாப்தான். சாப்பாடு நான் கட்டி எடுத்து வருகிறேன், வீட்டில் ஏதும் சமைக்க வேண்டாம்.